ஒன்பது இஞ்ச் சுவர்

கோபு சாருக்குச் சிவப்பு ஆகாது. தினமும் நெற்றியில் இட்டுக்கொள்ளும் ஸ்ரீசூர்ணத்தைத் தவிர வேறு எதிலும் அந்த நிறத்தை அவர் பொறுத்துக்கொண்டதில்லை. அதனால், புதிதாக வாங்கிய எஸ்டிமேட் சாஃப்ட்வேர் அவர் தட்டிய முதல் எண்ணுக்கே 'டேபிளில் இல்லை' என்று சிவப்பாக ஒரு வரி காட்டியதும், முகத்துக்கு நேரே யாரோ கதவைச் சாத்தியது போல நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"என்னம்மா மைத்ரேயி இது, செவப்பா வர்றதே?"

மைத்ரேயி பக்கத்து மேஜையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். சுவரின் கனம் கேட்கும் கட்டத்தில் 229 என்று இருந்தது.

"அது 230ன்னு போடணும் சார்."

"ஒன்பது இஞ்ச் சுவர்தானே? ஒன்பது இன்ட்டு இருபத்தஞ்சு புள்ளி நாலு. இருநூத்தி இருபத்தெட்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர். ரவுண்டு பண்ணினா இருநூத்தி இருபத்தொம்போது. கணக்குல ஏதாவது தப்பு இருக்கா, சொல்லு."

கணக்கில் தப்பில்லை. அவள் அந்த ஆபீஸுக்கு வந்த நாளிலிருந்து அவர் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான். அதையும் யாரும் கேட்காத இடத்தில் போட்டிருந்தார். ஒன்பது இஞ்ச் சுவரைப் பிளானில் 230 என்று எழுதுவதும், நாலரை இஞ்ச் சுவரை 115 என்று எழுதுவதும் சித்தாள் வேலைக்கு வருகிறவருக்குக்கூடத் தெரிந்த வழக்கம். சீஃப் எஸ்டிமேட்டர் என்று பித்தளையில் பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதில் அவருக்கு வெட்கமும் இல்லை.

டேபிள் என்பது ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. இடது ஓரத்தில் சுவரின் கனம்: 115, 230, 345. ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஒரு சதுர மீட்டர் சுவருக்கு எத்தனை செங்கல், எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு மணல் என்று எண்கள். பிளானைப் பார்த்து நீளம், உயரம், கனம் மூன்றையும் தட்டினால் போதும். ஃபார்முலா, டேபிளுக்குப் போய், அந்தக் கனம் எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, எதிரே உள்ள எண்ணை எடுத்து வந்து பெருக்கித் தந்துவிடும். கம்பிக்கு ஒரு டேபிள், கான்கிரீட்டுக்கு ஒன்று, டைல்ஸுக்கு ஒன்று. எல்லாவற்றையும் உட்கார்ந்து போட்டவள் மைத்ரேயி. சைட்டில் நின்று எண்ணிப் பார்த்தும், உடைசலுக்கு எவ்வளவு விடலாம் என்று மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டியும் போட்டாள். தேடுகிற எண் டேபிளில் இல்லையென்றால், குத்துமதிப்பாக எதையாவது தராமல் சிவப்பில் நிறுத்திவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்ததும் அவள்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரு பொருளாவது அந்த ஆபீஸில் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஆபீஸ் என்பது கே.கே. நகரில் இருக்கும் தைரியராஜ் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ். முதலாளி தைரியராஜுக்கு நல்ல மனிதர் என்று ஊரில் பெயர் உண்டு. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார், கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் கேக் கொடுப்பார். கோபு சாருக்கு மட்டும் முட்டை போடாத கேக். கோபு சார் அதற்குப் பதிலாக வைகுண்ட ஏகாதசிக்குப் பிரசாதம் கொண்டு வந்து நீட்டுவார். ஸ்ரீரங்கத்துப் பெரிய வீட்டு வேலைகள் சில அவர் மூலமாக வந்தவை. அவரால் கம்பெனிக்கு ஆன உபயோகம் அதோடு முடிந்து பல காலம் ஆகிவிட்டது.

எஸ்டிமேட் போடுவதில் கோபு சாருக்கு ஒரே ஒரு கருவி. 'சுமாரா' என்ற சொல். சுமாரா இத்தனை லோடு மணல், சுமாரா இத்தனை டன் கம்பி என்று காற்றில் கையை ஆட்டுவார். அதை வைத்துக்கொண்டு மைத்ரேயி பிளானை எடுத்து முதலிலிருந்து கணக்குப் போடுவாள். அச்சடித்து வந்ததும் அவர் பச்சை மையில் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போடுவார். வேலை கிடைத்தால் "நான் போட்ட எஸ்டிமேட்." கிடைக்காவிட்டால் "மார்க்கெட் சரியில்லை." ஒரு தடவை அவள் துணிந்து, கடைசிப் பக்கத்தின் அடியில் 'தயாரித்தவர்: மைத்ரேயி' என்று பொடி எழுத்தில் சேர்த்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைக் கண்டுபிடித்தார். வேறு எதையும் அவர் அத்தனை கவனமாகப் படித்து அவள் பார்த்ததில்லை.

"அனாவசியமா எதுக்கும்மா இதெல்லாம்? பேப்பர் நீட்டா இருக்கட்டும்" என்று எடுக்கச் சொல்லிவிட்டார்.

அவரை எதிர்த்து நாலு வார்த்தை பேச அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் கே.கே. நகரில் கோபு சாராக இருப்பவர், காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தால் கோபு மாமா. அவளுடைய வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தைரியராஜிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்த ஒரு உபகாரத்தை அவளுடைய அம்மா அரவிந்தவல்லி மறக்கவில்லை; மகளையும் மறக்க விடவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் எழுந்து நிற்க வேண்டும், காபி டம்ளரைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து அப்போதெல்லாம் அவளுக்கு வரும் அருவருப்பைக் காபியோடு சேர்த்து ஆற்றித்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதுதான் ஒரு வழி பிறந்திருந்தது. சாஃப்ட்வேரை வாங்கிய அன்றே தைரியராஜ் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "இதை யார் நல்லபடியா ஓட்டிக் காட்டுறாங்களோ, எஸ்டிமேட் செக்‌ஷன் இனிமே அவங்க பொறுப்பு. லால்குடிப் பக்கம் ஒரு ஸ்கூல் வேலை வருது. அதை நடத்துற சிஸ்டர் முன்னாடி இதுலயே போட்டுக் காட்டணும்." மைத்ரேயிக்கு அது போதும். அந்த நாற்காலி அவளுக்கு வர வேண்டும். எஸ்டிமேட்டின் அடியில் அவள் பெயர் வர வேண்டும். வேறு எதையும் அவள் அந்தக் கம்பெனியிடம் கேட்கவில்லை.

229-க்குச் சிவப்பு வந்த அன்று கோபு சார் நேராக முதலாளி அறைக்குப் போனார். பின்னாலேயே மைத்ரேயியையும் கூப்பிட்டார்கள்.

"என்னம்மா, சிவப்பா ஏதோ வருதாமே?" என்றார் தைரியராஜ்.

"டேபிள்ல இல்லாத எண்ணைப் போட்டா மட்டும்தான் சார் வரும்."

"கஸ்டமர் பக்கத்துல இருக்கறச்சே அது வந்தா மானம் போயிடும்" என்றார் கோபு சார். "நமக்கே தெரியலைன்னு நெனைச்சுப்பா."

"நமக்குத் தெரியலைன்னாதான் சார் அது வரும்."

தைரியராஜ் இதை ஒரு ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். "சிவப்பு வராம பண்ண முடியுமா, முடியாதா? அதைச் சொல்லும்மா."

"முடியும் சார். அந்த எண் இல்லைன்னா அதுக்கு அடுத்த பெரிய எண்ணோட வரியை எடுத்துக்கன்னு வைக்கலாம். இல்லைன்னா முந்தின சின்ன எண்ணோட வரியை எடுத்துக்கன்னு வைக்கலாம். ஆனா ரெண்டுமே..."

"சின்னதை எடுத்துக்கிட்டா செலவு கம்மியா வரும்ல?"

"வரும் சார், ஆனா..."

"அப்போ சின்னதையே வைம்மா. கம்மியா வந்தா நமக்கு நல்லதுதானே?"

ஒரு கட்டடத் தொழிலதிபரின் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்தது. மைத்ரேயி ஒரு நிமிஷம் சுவரில் மாட்டியிருந்த மேரி மாதா காலண்டரைப் பார்த்தாள். பிறகு நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "சார், 230க்குப் பதிலா 229ன்னு யாராவது போட்டா, அது 115க்கு இறங்கிடும். ஒன்பது இஞ்ச் சுவருக்கு நாலரை இஞ்ச் சுவரோட செங்கல்தான் கணக்குல வரும். பாதிதான் வரும். யாருக்கும் தெரியவும் தெரியாது."

"யாரு 229 போடப் போறா?" என்றார் கோபு சார். "நேக்குத்தான் இப்போ தெரிஞ்சுபோச்சே."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அவள் போய், சிவப்பு வரும் ஏற்பாட்டை எடுத்துவிட்டு, சின்ன எண்ணுக்கு இறங்கும்படி மாற்றி வைத்தாள். இரண்டு முட்டாள்களைத் திருப்திப்படுத்த ஒரே ஒரு கிளிக் போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா ஆரம்பித்தாள்.

"கோபு மாமா கோயில்ல பார்த்தார்டீ. ஆபீஸ்ல டேபிள்னு ஏதோ புதுசா பண்ணியிருக்காராமே? இந்த வயசுல கம்ப்யூட்டரெல்லாம் கத்துண்டு பண்றார் பாரு."

"அவரா பண்ணினார்?"

"உனக்கும் பக்கத்துல உக்காத்தி வெச்சு சொல்லிக் கொடுத்துண்டிருக்காராமே. மைத்ரேயி பரவாயில்லை, சொன்னா புரிஞ்சுக்கறான்னு சொன்னார். வாங்கிக் கொடுத்த வேலையோட விட்டுடாம எவ்வளவு அக்கறை பாரு."

மைத்ரேயி நேரே போய் முகம் கழுவிக்கொண்டாள். கழுவக் கழுவ எரிந்தது. 'சொன்னா புரிஞ்சுக்கறா.' 229 என்று தட்டிவிட்டு முழித்த மனிதர் சொல்கிறார். கோயிலில், பெருமாள் சந்நிதியில் நின்றுகொண்டு, கூசாமல் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை டேபிளை மறுபடி திறந்தபோதுதான் அவளுக்கு 225 ஞாபகம் வந்தது. ஆர்க்கிடெக்டுகளில் சிலர் ஒன்பது இஞ்ச் சுவரை 225 என்று எழுதுவார்கள். இஞ்சுக்கு இருபத்தைந்து என்று போட்டுக்கொள்ளும் பழைய பழக்கம். முன்னே என்றால் சிவப்பு வந்து நிறுத்திவிடும்; இப்போது சத்தமில்லாமல் 115-க்கு இறங்கிவிடும். அதற்கு வைத்தியமும் கஷ்டமில்லை. 230-க்கு எதிரே இருப்பதை அப்படியே நகலெடுத்து இடது ஓரத்தில் 225 என்று தட்டினால் போதும். கை மவுஸுக்குப் போனது.

கையை எடுத்துக்கொண்டாள். அவள் எதற்குச் செய்ய வேண்டும்? சின்னதே போதும் என்றவர்கள் அவர்கள். டேபிள் போட்டது தான்தான் என்று ஸ்ரீரங்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவர் அவர். விழட்டும். எல்லோரும் பார்க்கும்படி விழட்டும். இப்படி நினைத்தபோது அவளுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது. அதை அவள் அடக்கவும் இல்லை.

சிஸ்டர் ரோசரி சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார். லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளியை நடத்துகிற கன்னியாஸ்திரி. பஸ்ஸில் வந்து, ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறி, பிளானைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஆறு வகுப்பறை கட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த நன்கொடை. இரண்டு கான்ட்ராக்டர்களிடம் ஏற்கெனவே எஸ்டிமேட் வாங்கியாகிவிட்டது. இரண்டுமே கையில் இருப்பதைத் தாண்டிப் போய்விட்டன. இதையெல்லாம் உட்கார்ந்த உடனேயே ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். பேரம் பேசத் தெரியாத மனுஷி என்பதைத் தைரியராஜ் அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டார்.

சுவரில் பெரிய டிவி. அதில் எஸ்டிமேட் தெரியும்படி ஏற்பாடு. கீபோர்டு முன்னால் உட்காரப் போன மைத்ரேயியைக் கோபு சார் கையால் தடுத்தார்.

"நான் அடிக்கறேன். நீ பிளானைப் பார்த்து அளவைப் படி, போதும்."

அவர் நாற்காலியில் அமர்ந்து, அங்கவஸ்திரம் இல்லாத தோளை ஒரு தடவை சரிசெய்துகொண்டார். மைத்ரேயி பிளானை விரித்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டது கனம்தான். வெளிச்சுவர், உள்சுவர், எல்லா இடத்திலும் ஒரே எண்.

225.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபு சார் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தார். தைரியராஜ் சிஸ்டருக்கு மிக்சர் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். "சார், இதை 230ன்னு போடுங்க." அவ்வளவுதான்.

"இருநூத்தி இருபத்தஞ்சு" என்று படித்தாள்.

பிளானில் இருந்ததைத்தான் படித்தாள். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். கோபு சார் தட்டினார். சிவப்பு வரவில்லை. அவர் முகத்தில் வெற்றிப் புன்னகை வந்தது. அடுத்த அளவு, அதற்கடுத்த அளவு என்று ஒவ்வொரு சுவராகப் படிக்கப் படிக்க அவர் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு சுவரும் பாதியாகக் குறைந்துகொண்டே போனது. கடைசியில் மொத்தத் தொகை டிவியில் பெரிய எழுத்தில் வந்து நின்றது.

சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "மத்தவங்க சொன்னதை விட ரொம்பக் கம்மியா இருக்கே சார். எங்க கையில இருக்கறதுக்குள்ளேயே வந்துடுது. நிஜமாத்தானா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சிஸ்டர்" என்றார் தைரியராஜ்.

"இதெல்லாம் யாரு சார் செஞ்சது?"

கோபு சார் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். "எல்லாம் அடியேன்தான். ஒவ்வொரு டேபிளும் பார்த்துப் பார்த்துப் போட்டது. செங்கல் ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது."

தைரியராஜுக்கு லேசான சந்தேகம் இருந்திருக்க வேண்டும். மைத்ரேயியைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமா சார்" என்றாள் மைத்ரேயி. "கோபு சார்தான் எல்லாத்தையும் போட்டாரு."

கோபு சார் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். வாலாட்டிய நாய்க்குட்டியைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு தலையசைப்பு. அவளும் பதிலுக்குச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் மனதாரச் சிரித்தது அப்போதுதான்.

மடத்து மதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று சிஸ்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போனார். கதவு சாத்தியதும் மைத்ரேயி பிளானை முதலாளியின் மேஜையில் வைத்து, 225 என்ற எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"சார், சுவர் எல்லாம் பாதியாத்தான் வந்திருக்கு. 225 டேபிள்ல இல்ல. 115க்கு இறங்கிடுச்சு."

தைரியராஜுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு கோபு சாரைப் பார்த்தார். கோபு சாரின் முகம் செத்துப்போய்விட்டது. வாய் 'சுமாரா' என்று ஆரம்பித்து அங்கேயே நின்றது. மைத்ரேயி கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். போட்டது அடியேன்தான் என்று ஊரறியச் சொன்னவர் இனி எங்கே போய் ஒளிய முடியும்? இப்போது கேட்கப்போகிறார் முதலாளி. இப்போது கிழியப்போகிறது. நாற்காலி தன் பக்கம் திரும்புவதை அவள் கண்ணால் பார்க்காத குறைதான்.

தைரியராஜ் குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை. டிவியில் இருந்த தொகையையும் மூடிய கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொன்ன தொகையை இனிமே எப்படி ஏத்துறது?" என்றார். "ஏத்தினா வேலை போயிடும். சுவரை நாலரை இஞ்சாவே கட்டிடுவோம்."

மைத்ரேயிக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"பில்லர் இருக்கோன்னோ" என்று கோபு சார் உயிர் பெற்று எழுந்தார். "பாரமெல்லாம் பில்லர்தான் தாங்கறது. சுவர் சும்மா மறைப்புத்தானே?"

"அதான். பூசினதுக்கு அப்புறம் யாரு அளந்து பார்க்கப் போறாங்க? அக்ரிமென்ட்ல செங்கல் வேலைன்னு மட்டும் போடும்மா. கனம் போடாத."

"சார், வகுப்பறைச் சுவர் சார் அது. பத்தடி உயரம், இருபத்தஞ்சு அடி நீளம், நாலரை இஞ்ச். அது சுவரில்ல சார், படுதா. பிள்ளைங்க நாலு பேரு சேர்ந்து சாஞ்சா ஆடும். மழை நேரா உள்ள வரும்."

"எல்லாம் பூசி மெழுகிக்கலாம்மா. நீ டென்ஷன் ஆகாத" என்றார் தைரியராஜ், அத்தனை கனிவாக. கோபு சாரின் தோளையும் தட்டிக்கொடுத்தார். "நல்லவேளை, டேபிள் இப்படி அமைஞ்சுது. வேலை நம்ம கைக்கு வந்துடுச்சு. செக்‌ஷன் உங்ககிட்டயே இருக்கட்டும்."

இந்த மனிதர்களை அவள் அற்பர்கள் என்று எடை போட்டது சரிதான். ஆனால் அற்பர்கள் விழ மாட்டார்கள் என்பதை அவள் எடை போடவில்லை. அவர்களுக்குக் கீழே எப்போதும் வேறு யாராவது இருப்பார்கள். விழுகிறதெல்லாம் அந்தக் கீழே இருக்கிறவர்கள் தலையில்தான் விழும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேல் விழப்போகிற சுவர், கோபு சாரைப் பழிவாங்க அவள் போடாமல் விட்ட ஒரு வரி. இவ்வளவு நாளும் அவர்களைப் பார்த்து அவளுக்கு வந்த அருவருப்பு இப்போது தன்னைப் பார்த்தும் வந்தது.

சிஸ்டர் ரோசரி முகம் மலர உள்ளே வந்தார். "மதர் சரின்னுட்டாங்க சார். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க." உட்கார்ந்த பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பழைய கட்டடத்துல மேற்குப் பக்கச் சுவரு மழைக்கு ஊறிப் போயிடும். பிள்ளைங்க பெஞ்சை நடுவுல இழுத்துப் போட்டுத்தான் உக்காருவாங்க. புதுசு தாங்கும்ல சார்?"

"எங்க சுவரைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க சிஸ்டர்" என்றார் தைரியராஜ்.

"தாங்காது சிஸ்டர்" என்றாள் மைத்ரேயி.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து, கோபு சாரின் கைக்கு மேலாகக் கையை நீட்டி, கனம் என்று இருந்த கட்டங்களில் 225-ஐ அழித்து 230 என்று தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் டிவியில் இருந்த தொகை ஏறியது. ஏறிக்கொண்டே போய், மற்ற இருவர் சொன்ன தொகையோடு போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"உங்க பிளான்ல இருக்கறது ஒன்பது இஞ்ச் சுவர். முன்னாடி வந்தது நாலரை இஞ்சுக்கான கணக்கு. டேபிள் தப்பு சிஸ்டர். இதுதான் சரியான தொகை. இதுக்குக் கம்மியா யாராவது சொன்னாங்கன்னா, சுவரோட கனத்தை எழுதி வாங்கிக்குங்க."

சிஸ்டரின் முகத்திலிருந்து சந்தோஷம் வடிந்து போனது. அவர் கோபப்படவில்லை. பிளானை எடுத்து மெதுவாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு கோபு சாரைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார். "நீங்கதானே சார் டேபிள் எல்லாம் போட்டதுன்னு சொன்னீங்க?"

கோபு சார் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து, அதிலிருந்து இரண்டடி விலகி நின்றார்.

"நானா? நன்னா இருக்கே! நேக்கு இந்தக் கம்ப்யூட்டரே சரியாத் தெரியாது சிஸ்டர். ஒவ்வொரு வரியும் இவ போட்டது. செங்கல், சிமெண்ட், கம்பி, எல்லாம் இவதான். டேபிளை விடுங்கோ, இத்தனை வருஷமா இந்த ஆபீஸ்லேர்ந்து போன எஸ்டிமேட் அத்தனையும் இவ போட்டதுதான். நான் வெறுமனே கையெழுத்துப் போட்டுண்டிருந்தேன், அவ்வளவுதான். நேக்கு என்ன தெரியும்?"

மைத்ரேயி அந்தக் கம்பெனியில் கேட்கக் காத்திருந்தது இதைத்தான். ஒரு சொல் பாக்கியில்லாமல் வந்துவிட்டது. சாட்சிக்கு முதலாளியும் இருந்தார்.

"அப்படியாம்மா?" என்றார் தைரியராஜ்.

"ஆமா சார்" என்றாள் அவள். "எல்லாம் நான் போட்டதுதான். 225க்கு ஒரு வரி வேணும்னு தெரிஞ்சும் போடாம விட்டதும் நான்தான்."